போலீஸ் வண்டி மோதி அடிபட்டால்: கோலாலம்பூர், பினாங்கில் இழப்பீடு கேட்பதற்கு முழு வழிகாட்டி

ரோந்துக் கார் மோதி அடிபட்டவர்கள் பெரும்பாலும் மூன்று விதமாகக் காலத்தைத் தொலைக்கிறார்கள். இன்சுரன்ஸ் கம்பெனி எது என்று தேடி அலைவது ஒன்று. மாநகர் மன்றக் கவுண்டரில் மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இன்னொன்று. "விபத்து கேஸுக்கு ஆறு வருஷம் டைம் இருக்கு" என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருப்பது மூன்றாவது. இதில் மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. கால் உடைந்தது உண்மையாக இருக்கும், தவறு போலீஸ் டிரைவருடையது என்பதும் உண்மையாக இருக்கும், ஆனாலும் வழக்கு கோர்ட்டு வாசலைத் தாண்டாது.

பணம் கொடுக்க வேண்டியவர் யார்

அமெரிக்காவில் போலீஸ் கார் யாரையாவது மோதினால் நகர மன்றம் கூடி இழப்பீட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது என்று செய்தி வரும். அங்கே பல ஊர்களில் போலீஸ் அந்த நகர நிர்வாகத்தின் கீழ் இருப்பதால் அப்படி. நம் நாட்டில் போலீஸ், அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கூட்டரசின் பொறுப்பு. ஆகவே விபத்து ஜாலான் ஈப்போவில் நடந்தாலும் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல் கொடுக்காது. ஜார்ஜ்டவுனில் நடந்தாலும் பினாங்கு மாநகர் மன்றமோ மாநில அரசோ கொடுக்காது. பிரதிவாதி மலேசிய அரசாங்கம். அதன் சார்பில் ஆஜராவது சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் வழக்கறிஞர்கள், அதாவது ஃபெடரல் கவுன்சல். மோதியது டிபிகேஎல் அமலாக்க வண்டியாகவோ மாநகர் மன்றத்தின் குப்பை லோரியாகவோ இருந்தால்தான் அந்த மன்றம் நேரடிப் பிரதிவாதி ஆகும்.

1956 ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, அரசு ஊழியர் வேலையில் செய்த தவறுக்கு அரசாங்கத்தைப் பொறுப்பாக்குகிறது. 6 ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது: அந்த ஊழியரே தனிப்பட்ட முறையில் பொறுப்பாளியாக இருந்தால்தான் அரசாங்கமும் பொறுப்பாகும். இதனால் வண்டியை ஓட்டிய போலீஸ்காரரின் பெயரும் வழக்கில் இருந்தாக வேண்டும். நிப்பா வைரஸ் பரவியபோது பன்றிப் பண்ணையாளர்கள் தொடுத்த வழக்கில், பொறுப்பான அதிகாரியைச் சேர்க்காமல் அரசாங்கத்தின் மேல் மட்டும் வழக்குப் போட்டது சரியில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. டிரைவரின் பெயர், பதவி, போலீஸ் எண் மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

இன்சுரன்ஸ் விஷயம் இதற்கு நேர்மாறானது. சாதாரண காருக்கும் மோட்டாருக்கும் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அரசாங்க வாகனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே பல போலீஸ் வண்டிகளுக்குப் பின்னால் இன்சுரன்ஸ் கம்பெனியே இருக்காது. இருந்தாலும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசாங்க வாகனங்களில் குத்தகைக்கு எடுத்தவையும் உண்டு. வழக்கறிஞரிடம் சொல்லி, பிளேட் நம்பரை வைத்துச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவு உரிமையாளர் யார் என்று தேடச் சொல்லுங்கள். உரிமையாளர் ஒரு கம்பெனி என்று வந்தால் அதையும் சேர்க்கலாம். அந்த வண்டிக்குக் காப்புறுதி இருந்தால், வழக்குத் தொடுப்பதை ஒட்டி, சட்டம் சொல்லும் நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96 ஆம் பிரிவு கேட்பது அது. இந்த நோட்டீஸைத் தவறவிட்டால், பின்னால் வாங்கும் தீர்ப்பை வைத்து அந்த நிறுவனத்திடம் பணம் வசூலிக்க முடியாமல் போகும்.

36 மாதம்

தனியார் வாகன விபத்துக்கு 1953 காலவரையறைச் சட்டம் 6 ஆண்டு தருகிறது. போலீஸ் வண்டிக்கு அது கிடையாது. 1948 ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு, பொதுக் கடமையில் செய்த காரியத்துக்கு 36 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கச் சொல்கிறது. மாநகர் மன்ற வண்டிகளுக்கும் இதே கணக்குதான்.

36 மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும். கடிதம் போட்டிருப்பது, பேச்சு நடத்திக்கொண்டிருப்பது, "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம், கொஞ்சம் பொறுங்க" என்று பதில் வந்திருப்பது, போலீஸாரின் ஒழுங்கைக் கண்காணிக்கும் ஜிப்ஸ் பிரிவில் புகார் நிலுவையில் இருப்பது, டிரைவர் மேல் குற்ற வழக்கு நடப்பது, இவற்றில் எதுவும் கடிகாரத்தை நிறுத்தாது. அடிபட்டது குழந்தை, அதனால் 18 வயது வரை காலம் ஓடாது என்றும் எண்ணி இருந்துவிடாதீர்கள்.

விபத்து 2025 மார்ச் 14 என்று வையுங்கள். 2028 மார்ச் நடுவில் கதவு அடைபட்டுவிடும். காலண்டரில் அந்தத் தேதியைக் குறிக்காமல் 2027 மார்ச்சைக் குறியுங்கள். 24 ஆம் மாதத்தில் சமரசம் கையெழுத்தாகவில்லை என்றால் அன்றே வழக்குப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடரலாம். வழக்குப் போட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். அரசாங்க வழக்கறிஞர்களுக்கு அது அன்றாட வேலை.

விபத்து நடந்த இடத்தில்

இந்த வழக்கில் ஒரு சங்கடம் உண்டு. மோதியதும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ். விசாரணை அதிகாரி நேர்மையானவராக இருக்கலாம், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ஆதாரம் முழுக்க எதிர்த்தரப்பின் அலமாரியில் இருக்கும் வழக்கு இது. உங்களுடையது என்று தனியாக ஆதாரம் சேர்ப்பதற்கு முதல் 2 வாரம்தான் வாய்ப்பு.

999க்கு அழைத்தால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். ரோந்துக் காரின் பிளேட் நம்பரோடு, கதவிலும் கூரையிலும் எழுதியிருக்கும் குறியீட்டையும் படமெடுங்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் தூரத்திலிருந்து ஒவ்வொரு படம், பிறகு கண்ணாடித் தூள், பிரேக் கோடு, எண்ணெய் சிந்திய இடம், டிராஃபிக் விளக்கு நிற்கும் கம்பம். கிட்டே போய் எடுத்த படம் மட்டும் இருந்தால், வண்டி எந்த லேனில் நின்றது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. சைரன் ஒலித்ததா, நீல விளக்கு எரிந்ததா என்பதை அங்கேயே ஒரு வாய்ஸ் மெசேஜாகப் பேசிக் குடும்பத்தில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். நேரத்தோடு பதிவாகிவிடும். அடிபட்டவரால் முடியாவிட்டால் கூட இருப்பவர் இதைச் செய்யலாம்.

சாட்சிகளிடம் பெயரும் கைபேசி எண்ணும் வாங்குங்கள். "நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவரை மறுநாள் கண்டுபிடிக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸிலோ லிட்டில் இந்தியாவிலோ என்றால் எதிரே இருக்கும் கடைக்காரர்தான் நல்ல சாட்சி, ஏனென்றால் அவர் அடுத்த மாதமும் அதே இடத்தில் இருப்பார்.

கேமரா பதிவு மிக அவசரம். கடை, பெட்ரோல் நிலையம், கொண்டோ காவலர் அறை இங்கெல்லாம் பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து, அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். மறுநாளே ஒரு பென் டிரைவோடு போய்க் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்கிவிடுங்கள். கடிதத்தில் தேதி, விபத்து நேரத்துக்கு 30 நிமிடம் முன்னும் பின்னும், கேமரா பார்க்கும் திசை, "இந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்" என்ற வரி, இவ்வளவும் போதும். சாலைக் கேமராவுக்கு டிபிகேஎல்லுக்கோ மாநகர் மன்றத்துக்கோ நெடுஞ்சாலை நிறுவனத்துக்கோ இதே கடிதம் போகலாம். அந்த வழியே வண்டியில் வந்தவரின் டேஷ்கேம் கார்டை உடனே கழற்றச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே போனால் அதுவும் அழிந்துவிடும்.

சாலையோரத்திலோ பாலாயிலோ (போலீஸ் நிலையத்திலோ) "பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது காசு நீட்டினாலும், இனி எதையும் கோர மாட்டேன் என்று தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். எலும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று அன்று உங்களுக்கே தெரியாது.

போலீஸ் ரிப்போர்ட்: ஒரு எழுத்தில் வழக்கு மாறும்

வண்டி ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும், சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு. கோலாலம்பூரில் ஜாலான் துன் எச்.எஸ். லீ போக்குவரத்துப் போலீஸ் நிலையம், பினாங்குத் தீவின் வடகிழக்கு மாவட்டத்தில் ஜாலான் பட்டாணி. எந்தப் பாலாயில் கொடுத்தாலும் விபத்து நடந்த மாவட்டத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய்ச் சேரும். வார்டில் படுத்திருப்பவருக்காகக் குடும்பத்தார் முதலில் ஒரு ரிப்போர்ட் கொடுக்கலாம். ஆனால் நேரில் பார்க்காதவர் விபத்து எப்படி நடந்தது என்று விவரிக்க வேண்டாம். எங்கே, எப்போது, யார், எந்த ஆஸ்பத்திரி என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். அடிபட்டவர் தேறியதும் தன் ரிப்போர்ட்டைத் தானே கொடுத்து, தாமதத்துக்குக் காரணம் வார்டில் இருந்தது என்று அதிலேயே எழுதச் சொல்லட்டும்.

ரிப்போர்ட் மலாயில் தட்டச்சாகும். நாம் தமிழ் கலந்த மலாயில் சொல்வதை எதிரே இருப்பவர் தன் வாக்கியத்தில் அடிப்பார். இங்கேதான் கவனம் வேண்டும். 'டிலாங்கார்' என்றால் என்னை இடித்தார்கள். 'தெர்லாங்கார்' என்றால் நான் தெரியாமல் இடித்துவிட்டேன். "மோட்டார் இடிச்சிருச்சி" என்று பொதுவாகச் சொன்னதை ஒருவர் 'சாயா தெர்லாங்கார் கெரேத்தா பெரொண்டா' என்று அடித்துவிட்டால், இரண்டு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 'தீடாக் செம்பாட் எலாக்', விலக நேரமில்லை என்பதும் அப்படித்தான். நீங்கள் முன்னாலேயே பார்த்துவிட்டீர்கள் என்று அதற்கு அர்த்தம் கற்பிப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் வாசியுங்கள். வாசிக்க வராவிட்டால் தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்றால், மறுநாளே போய்த் திருத்த ரிப்போர்ட் ஒன்று கொடுங்கள். ஒரு வருஷம் கழித்துக் கொடுத்தால் யாரோ சொல்லிக்கொடுத்தது போலத் தெரியும்.

ரிப்போர்ட் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் எழுதி வையுங்கள். விசாரணையின் முடிவில் உங்கள் மேலேயே அபராதச் சம்மன் வந்தால் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு உடனே கட்டாதீர்கள். முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கவனக்குறைவாக ஓட்டியதாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படும்.

உங்கள் சொந்த மோட்டார் இன்சுரன்ஸுக்கும் தகவல் கொடுத்தாக வேண்டும். போலீஸ் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கு அரசாங்கம் உங்கள் மேல் எதிர்வழக்குப் போடலாம். அப்போது உங்களுக்காக வாதாட வேண்டியது உங்கள் காப்புறுதி நிறுவனம். தகவலே கொடுக்கவில்லை என்று அவர்கள் கைகழுவ இடம் வைக்காதீர்கள்.

ராஜா காசார்: இதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

விசாரணை அதிகாரி வரையும் வரைபடத்துக்கு ராஜா காசார் என்று பெயர். அதோடு கெகுஞ்சி என்ற விளக்கத் தாளும் வரும். வரைபடத்தில் ஏ, பி, சி என்று புள்ளிகள் மட்டும் இருக்கும். எந்தப் புள்ளி எது, இடையில் எத்தனை மீட்டர் என்பது கெகுஞ்சியில்தான் இருக்கும். ஒன்று இல்லாமல் மற்றது உதவாது. பணம் கட்டி இரண்டையும், அதிகாரி எடுத்த படங்களையும், விசாரணை முடிவையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். வழக்கமாக வழக்கறிஞர் அலுவலகமே வாங்கித் தரும்.

கையில் கிடைத்ததும் முதலில் மோதிய இடத்தைப் பாருங்கள். அது எந்த லேனில் குறிக்கப்பட்டிருக்கிறது? கண்ணாடித் தூள் கிடந்த புள்ளியோடு ஒத்துப்போகிறதா? கண்ணாடி உங்கள் லேனில் கிடக்க, மோதிய இடம் மட்டும் எதிர் லேனில் இருந்தால், அந்தப் புள்ளி யார் சொன்னதை வைத்துக் குறிக்கப்பட்டது என்று கேட்க வேண்டிவரும். பிறகு பிரேக் கோடு: யாருடையது, எத்தனை மீட்டர்? சாலையின் அகலம், டிராஃபிக் விளக்கு, நிறுத்தக் கோடு இவை வரையப்பட்டிருக்கின்றனவா? உங்கள் கைபேசிப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சந்திப்பு விபத்துகளில் எதிரே நிற்கும் இன்னொரு விளக்குக் கம்பமோ பார்வையை மறைத்த பஸ் நிறுத்தமோ விட்டுப்போவது உண்டு. வரைபடம் இறுதிச் சொல் அல்ல. அதிகாரியைக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யலாம், ஆனால் கேட்பதற்குக் கையில் படம் இருக்க வேண்டும்.

போலீஸ் தரப்பிடம் மட்டுமே இருக்கும் தாள்களும் உண்டு: வண்டியின் ஓட்டப் பதிவுப் புத்தகம், அன்றைய பணிப் பட்டியல், கட்டுப்பாட்டு அறையின் வயர்லஸ் பதிவு. ரோந்துக் கார் உண்மையில் அவசர அழைப்புக்குத்தான் போனதா என்பது இவற்றில் தெரியும். வழக்குப் பதிவான பிறகு இவற்றைக் காட்டும்படி கோர்ட்டு மூலம் கேட்கலாம். முதல் கோரிக்கைக் கடிதத்திலேயே "இவற்றை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று எழுதிவிடுவது நல்லது.

சைரன் போட்டு வந்தால் நமக்கு வழக்கே இல்லையா

உண்டு. அவசரத்துக்குப் போகும் போலீஸ் வண்டிக்கு விளக்கையும் வேகத்தையும் மீறச் சில சலுகைகள் உண்டு. ஆனால் பாதையில் இருப்பவர் மேல் கவனம் வைக்க வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. சிவப்பு விளக்கில் வேகம் குறைத்து, மற்ற வண்டிகள் நிற்கின்றனவா என்று பார்த்துக் கடந்தாரா என்பதே கேள்வி. அதே சமயம் சைரன் கேட்டும் ஒதுங்காமல் போயிருந்தால் நம் மேலும் ஒரு பங்கு வரும். 1956 சிவில் சட்டத்தின் 12 ஆம் பிரிவு தவறைப் பங்கு போட்டு இழப்பீட்டைக் குறைக்கச் சொல்கிறது. ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் தலையில் அடிபட்டதும் இந்தக் கணக்கில் வரும்.

போலீஸ் துரத்திய கார் உங்கள் மேல் மோதியது என்றால் முதல் பிரதிவாதி அந்தத் தப்பியோடியவர். அவருக்குக் காப்புறுதி இல்லாவிட்டால் மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தை, அதாவது எம்ஐபியை அணுக வேண்டும். துரத்திய முறையே தவறு என்று நிரூபிப்பது கடினமான வேலை. டிரைவர் பணியில் இல்லாமல் சொந்தக் காரியத்துக்கு வண்டியை எடுத்துப் போயிருந்தால் அரசாங்கம் பொறுப்பை மறுக்கப் பார்க்கும். அதற்கும் பணிப் பட்டியல்தான் பதில் சொல்லும்.

ஆஸ்பத்திரியில் சொல்வதும் சாட்சியம்

கோலாலம்பூர் பொது மருத்துவமனையோ பினாங்கு மருத்துவமனையோ, அவசரப் பிரிவில் டாக்டர் எழுதும் முதல் நான்கு வரிதான் மருத்துவ ஆதாரத்தின் அடித்தளம். நம் ஆட்கள் வலியில் "மோட்டார்ல இருந்து விழுந்துட்டேன்" என்பார்கள். அது தானாகச் சறுக்கி விழுந்ததாகப் பதிவாகும். பின்னால் எதிர்த்தரப்பு அதையே தூக்கிக் காட்டும். "போலீஸ் கார் இடிச்சி விழுந்தேன்" என்று சொல்லுங்கள். எங்கெல்லாம் வலிக்கிறதோ எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள். தொடை எலும்பு முறிந்த வேதனையில் முட்டி வலியையும் காது இரைச்சலையும் சொல்லாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து அவை இந்த விபத்தில் வந்தவை இல்லை என்று வாதம் வரும்.

இழப்பீட்டுக்கு இரண்டு மருத்துவ ரிப்போர்ட் தேவை. முதலாவது, சேர்த்த ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட். இரண்டாவது, காயம் ஒரு நிலைக்கு வந்த பிறகு நிபுணர் பார்த்து எழுதுவது. எலும்பு முறிவுக்குச் சுமார் ஒரு வருஷம் பிடிக்கும். அதில் காலின் நீளம் எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, பிளேட்டும் திருகும் எடுக்க இன்னொரு அறுவை வேண்டுமா, அதற்கு எவ்வளவு செலவாகும், பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற ஐந்துக்கும் பதில் இருக்க வேண்டும். "தொடர்ந்து வலி உள்ளது" என்ற ஒரு வரி போதாது. அரசாங்கத் தரப்பும் தன் டாக்டரிடம் உங்களை அனுப்பும். போக மறுக்காதீர்கள்.

தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கொடுத்தால் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சிகிச்சை ஏன் கிடைக்கவில்லை, அல்லது காத்திருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று காட்டாவிட்டால் கோர்ட்டு ஒரு பகுதியோடு நிறுத்திவிடலாம். அறுவை தேதி தள்ளிப்போன சீட்டை பத்திரமாக வையுங்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்தது என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் தனியாக விண்ணப்பியுங்கள். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு (எம்சி) இருந்தால், தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வரும். வழக்கு முடிய வருடங்கள் ஆகும்போது அரிசி வாங்குவது இந்தக் காசில்தான். 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பொருந்தும். உணவகத்தில் வேலை பார்க்கும் தம்பிமார்கள் முதலாளியைக் கேட்கத் தயங்க வேண்டாம். அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முன் நிபுணர் பரிசோதனையும் வாக்குமூலமும் முடிந்துவிட வேண்டும்.

வழக்கறிஞரும் புரோக்கரும்

வார்டிலும் டோ டிரக்கிலும் வந்து "கேஸ் நாங்க பார்த்துக்கறோம், ஜெயிச்சா 30 பர்சென்ட்" என்று கார்டு கொடுப்பவர்களுக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112 ஆம் பிரிவு, வென்றால் மட்டும் பங்கு என்ற ஒப்பந்தத்தைக் கோர்ட்டு வழக்குகளில் தடை செய்கிறது. புரோக்கருக்குப் போகும் காசு உங்கள் காலுக்குக் கிடைக்க வேண்டிய காசு. அலுவலகத்துக்கு நேரில் போய், வழக்கறிஞரையே பார்த்து, கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். "அரசாங்கத்துக்கு எதிராக விபத்து வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? கடைசித் தேதி எது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு 36 மாதம் என்ற பதில் யோசிக்காமல் வர வேண்டும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவில், ஜாபாத்தான் பந்துவான் குவாமானில், வருமானச் சான்றோடு விசாரிக்கலாம்.

டிரைவரின் நடத்தையைப் பற்றிப் புகார் செய்ய வேண்டும் என்றால் ஜிப்ஸ் பிரிவும், 2023 ஜூலை 1 முதல் இயங்கும், போலீஸ் நடத்தையை விசாரிக்கும் ஐபிசிசி ஆணையமும் உண்டு. அங்கே ஒழுங்கு நடவடிக்கைதான் கிடைக்கும். இழப்பீட்டுக்குக் கோர்ட்டுதான் இடம்.

எவ்வளவு கேட்பது

இழப்பீடு இரண்டு வகை. ரசீது காட்டிக் கேட்பது ஒன்று: மருந்து, மோட்டார் பழுது, ஹெல்மெட், கைத்தடி, சக்கர நாற்காலி, மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்துபோன கிராப் செலவு, வேலையை விட்டு வீட்டில் பார்த்துக்கொண்டவரின் உழைப்பு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்வாரியாக எழுதி ரசீதை ஒட்டுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே படமெடுத்து வையுங்கள்.

வலிக்கும் உறுப்பு இழப்புக்கும் உள்ள தொகை இரண்டாவது. இதற்கு வழக்கறிஞர் மன்றம் 2018ல் திருத்தி வெளியிட்ட காம்பெண்டியம் என்ற இழப்பீட்டுத் தொகுப்பில் காயவாரியாகத் தொகை வரம்பு இருக்கிறது. நீதிபதியை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் இரு தரப்பும் பேரத்தைத் தொடங்குவது அங்கிருந்துதான். பல காயங்கள் இருந்தால் எல்லாவற்றையும் அப்படியே கூட்ட மாட்டார்கள், ஒன்றின் மேல் ஒன்று படியும் வலிக்காகக் கொஞ்சம் குறைப்பார்கள்.

வருமான இழப்புக்குச் சட்டமே சூத்திரம் தருகிறது. சிவில் சட்டத்தில் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்படி, அடிபட்டபோது வயது 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் பெருக்கும் எண் 16. 31 முதல் 59 வரை என்றால் 60லிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 38 வயது லோரி டிரைவருக்கு, சொந்த வாழ்க்கைச் செலவு கழித்து, மாதம் 1,200 ரிங்கிட் இழப்பு என்று நிரூபணமானால்: (60 - 38) ÷ 2 = 11. 1,200 × 12 × 11 = 158,400 ரிங்கிட். அவர் மேல் 25 விழுக்காடு தவறு என்று முடிவானால் கைக்கு வருவது 118,800. பழைய 55 வயதுக் கணக்கை இன்னும் சிலர் சொல்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

இங்கே இடறுவது சம்பளச் சான்று. சம்பளச் சீட்டு, கேடபிள்யுஎஸ்பி (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வருமான வரிப் பாரம் மூன்றும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். கையில் காசாக வாங்கியவர் முதலாளியின் கடிதத்தோடு முதலாளியையே சாட்சியாகக் கூட்டிவர வேண்டியிருக்கும். விபத்துக்கு முன் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்பதையும் காட்டியாக வேண்டும்.

இறந்துபோனவர் என்றால், சார்ந்திருந்தோர் சிவில் சட்டத்தின் 7 ஆம் பிரிவில் கேட்கலாம். துயரத்துக்கான தொகை 2019 திருத்தத்தில் 10,000லிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இறுதிச் சடங்குச் செலவு தனி. சொத்து நிர்வாகக் கடிதம் எடுக்கவே மாதங்கள் ஆகும், அதை முதலில் தொடங்குங்கள்.

கடிதம், வழக்கு, சமரசம்

கோரிக்கைக் கடிதம் டிரைவருக்கும் போலீஸ் தரப்புக்கும், புத்ராஜெயா 4 ஆம் பிரிசிங்கில் உள்ள சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் போகட்டும். வழக்கை செஷன்ஸ் நீதிமன்றத்தில் போடலாம். மோட்டார் விபத்து வழக்குக்கு அங்கே தொகை வரம்பு இல்லை. சின்னக் காயத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 100,000 ரிங்கிட் வரை. கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்கில் ஜார்ஜ்டவுனும் பட்டவொர்த்தும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தவர் என்றால் இரண்டு டிரைவர்களையும் பிரதிவாதியாக்கச் சொல்லுங்கள். தவறு யார்மேல் விழுந்தாலும் உங்களுக்குப் பணம் வரும்.

பல வழக்குகள் முதலில் தவறின் விழுக்காட்டிலும், பிறகு தொகையிலும் பேசி முடிகின்றன. நீதிமன்ற மத்தியஸ்தத்திலும் முடியும். அரசாங்க வழக்கறிஞர் மேசையிலேயே ஒப்புக்கொள்ள மாட்டார். மேலிட ஒப்புதல் வர வாரங்களோ மாதங்களோ ஆகும். கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: இனி வரப்போகும் அறுவைக்கான செலவு தொகைக்குள் இருக்கிறதா, வழக்குச் செலவு தனியா, எத்தனை நாளில் பணம் வரும், தாமதமானால் வட்டி உண்டா. "முழுமையும் இறுதியும்" என்ற வரி வந்துவிட்டால் கால் மறுபடி கெட்டாலும் திரும்பிப் போக முடியாது. அதனால் நிபுணர் ரிப்போர்ட் கைக்கு வருமுன் எந்தச் சமரசத்துக்கும் தலையாட்டாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கான சமரசத்துக்குக் கோர்ட்டின் ஒப்புதல் வேண்டும்.

விசாரணை நடந்து தீர்ப்பு வந்தால், வழக்கமாகப் பொது இழப்பீட்டுக்கு வழக்குச் சம்மன் சேர்ந்த நாளிலிருந்து ஆண்டுக்கு 5 விழுக்காடு, ரசீதுச் செலவுக்கு விபத்து நாளிலிருந்து 2.5 விழுக்காடு வட்டி, தீர்ப்புக்குப் பின் இரண்டுக்கும் 5. அரசாங்கத்தின் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாகத் தீர்ப்புச் சான்றிதழ் ஒன்றை நீதிமன்றப் பதிவகத்தில் வாங்கி அரசாங்கத் தரப்புக்குக் கொடுக்க வேண்டும். அதன்பேரில்தான் பணம் வெளியாகும். தீர்ப்பு வந்த வாரமே இந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வழக்கறிஞரிடம் எழுதிக் கேளுங்கள். காசோலை வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்குக்குத்தான் முதலில் வரும். அங்கிருந்து உங்களுக்குக் கொடுக்கும்போது வந்த தொகை, கழித்த கட்டணம், மீதி என்று ஒவ்வொரு வரியும் எழுதிய கணக்குத் தாளை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.